கண்டிப்பு இருக்கட்டும், கதவும் திறந்திருக்கட்டும்

(தல்லாகுளத்தில் நடந்த கூட்டமைப்பு மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு சேமிப்பு, உள்கடன், வங்கிக்கடன் பற்றி நான் பேசப் போறதில்லை. போன மாதம் ஒரு குழுக் கூட்டத்திற்கு போயிருந்தேன். தீர்மான நோட்டில் கையெழுத்து போட்டு எல்லோரும் கிளம்பிய பிறகும் ஒரு அக்கா மட்டும் எழுந்திருக்கவில்லை. "என்னக்கா?"ன்னு கேட்டேன். கண்ணு கலங்கிருச்சு.

"பத்தாவது படிக்கிற மக என்கிட்ட பேசி இருபது நாளாச்சு மேடம். செல்போன்ல யார்கிட்டயோ பேசுறான்னு அடிச்சுட்டேன். இப்ப வீட்டுக்குள்ளதான் இருக்கா, ஆனா இல்லாத மாதிரி இருக்கா. பேசாம மாப்பிள்ளை பாத்து முடிச்சிரலாம்னு அவங்க அப்பா சொல்றாரு" என்றார்.

இந்த அக்கா கெட்ட தாய் இல்லை. காலையில் இட்லிக்கடை, மதியம் வீட்டு வேலை என்று ஓடி ஓடி உழைத்து மகளைப் படிக்க வைப்பவர். பிள்ளை கெட்டுப்போயிடக் கூடாதே என்ற பயம்தான் அவர் கையை ஓங்க வைத்தது. இங்கே உட்கார்ந்திருக்கிற பல பேருக்கும் அதே பயம் உண்டு.

நம்ம தமுக்கம் பக்கத்தில் காந்தி அருங்காட்சியகம் இருக்கிறது. ராணி மங்கம்மாள் இருந்த அரண்மனை. 1959-ல் நேரு திறந்து வைத்தார். பிள்ளைகளை கூட்டிக்கொண்டு பல பேர் போயிருப்பீர்கள். அந்த காந்தியின் வீட்டிலேயே இந்தப் பிரச்சினை இருந்தது என்பது தெரியுமா?

காந்திக்கு 15 வயது இருக்கும்போது அண்ணன் கையிலிருந்த தங்கக் காப்பிலிருந்து ஒரு துண்டைத் திருடினார். கடனை அடைக்கத்தான். ஆனால் மனசு உறுத்தியது. நேரில் சொல்ல தைரியமில்லாமல், செய்ததை ஒரு சீட்டில் எழுதி, தண்டனையும் கேட்டு, நோயில் படுத்திருந்த அப்பாவிடம் கொடுத்தார். அப்பா கோபக்காரர். என்ன ஆகுமோ என்று மகன் நடுங்கிக்கொண்டு நின்றார். அப்பா படித்தார், கண்ணீர் வழிந்தது, சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். அடியில்லை, வசவில்லை. அந்தக் கண்ணீர்தான் தன்னைத் திருத்தியது என்று 'சத்திய சோதனை'யில் காந்தி எழுதுகிறார்.

அதே காந்தி அப்பாவான பிறகு நடந்ததையும் பாருங்கள். மூத்த மகன் ஹரிலால், 1888-ல் பிறந்தவர். அப்பாவைப் போல பாரிஸ்டர் ஆக ஆசைப்பட்டார். பள்ளிப்படிப்பை விட ஒழுக்கமும் சேவையும்தான் முக்கியம் என்று அப்பா உறுதியாக நின்றார். தென்னாப்பிரிக்கப் போராட்டத்தில் மகன் பல தடவை சிறைக்குப் போனார். 'சின்ன காந்தி' என்றே மக்கள் கூப்பிட்டார்கள். ஆனால் லண்டன் போய் படிக்கக் கிடைத்த உதவித்தொகை வேறு ஆட்களுக்குப் போனது. மனசு உடைந்து 1911-ல் வீட்டில் சொல்லாமல் கிளம்பினார். திரும்ப அழைத்து வந்து பேசினார்கள். அப்பவும் ஒட்டவில்லை, இந்தியாவிற்கு வந்துவிட்டார். பின்னாளில் குடிக்கு அடிமையானார். இரண்டு பேருக்கும் நடுவில் தவித்த தாய் கஸ்தூரிபா 1944-ல் இறந்தார். அப்பா சுடப்பட்டு இறந்த 1948-லேயே, ஐந்து மாதத்திற்குள், மகனும் காசநோயில் இறந்துபோனார்.

காந்தியைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. தன் படிப்பு விஷயத்தில் பிள்ளைகளுக்கு மனக்குறை உண்டு என்று அவரே எழுதியிருக்கிறார். நாட்டுக்கே வழிகாட்டியவருக்கும் தன் வீட்டில் இது கஷ்டமாகத்தான் இருந்தது. 15 வயசுப் பையன் சீட்டு எழுதிக் கொடுக்க ஒரு அப்பா இருந்தார். உங்கள் பிள்ளை ஒரு தப்பு செய்தால் உங்களிடம் வந்து சொல்ல முடியுமா? இதுதான் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

அப்ப கண்டிப்பே வேண்டாமா? வேண்டும். நம்ம குழுவையே எடுத்துக்குங்க. ஒரு உறுப்பினர் தவணை தவறினால் என்ன செய்கிறோம்? முதலில் காரணம் கேட்கிறோம். தேவைப்பட்டால் தவணையை மாற்றிக் கொடுக்கிறோம். ஆனால் கடனைத் தள்ளுபடி பண்றதில்லை. குழுவில் காட்டுகிற இந்தப் பக்குவத்தை வீட்டில் ஏன் மறந்து விடுகிறோம்?

நேரத்திற்கு வீடு திரும்பணும், போனுக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு என்று விதி வையுங்கள். எதற்காக என்றும் சொல்லுங்கள். சொந்தக்காரர் முன்னாடி, தெருவில் வைத்து திட்டாதீர்கள். தினமும் கால்மணி நேரம் அறிவுரை சொல்லாமல் காதை மட்டும் கொடுங்கள். கோபம் வந்தால் அன்றைக்கு முடிவு எடுக்காதீர்கள்.

முக்கியமாக, கல்யாணம் இதற்கு மருந்து இல்லை. 18 வயது ஆகாத பெண்ணுக்குத் திருமணம் செய்தால் 2006-ஆம் ஆண்டு சட்டப்படி இரண்டு ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் கிடைக்கலாம். நம் கை மீறினால் 1098-க்கு போன் செய்யலாம். பிள்ளைகளும் பேசலாம், பெற்றோரும் பேசலாம். கட்டணம் கிடையாது.

அந்த அக்கா என்ன செய்தார்? ஒரு ராத்திரி மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அடிச்சது தப்புதான்"னு மட்டும் சொல்லியிருக்கிறார். வேற எதுவும் கேட்கலை. இரண்டு நாள் கழித்து மகளே வாயைத் திறந்தாள். கூடப் படிக்கிற பெண்ணின் அண்ணன் விடாமல் போன் பண்ணி தொந்தரவு கொடுத்திருக்கிறான். "சொன்னா பள்ளிக்கூடத்த நிறுத்திருவியோன்னு பயந்தேம்மா" என்றாளாம்.

எந்தப் பிள்ளைக்கு உதவி தேவைப்பட்டதோ, அந்தப் பிள்ளையைத்தான் நாம் அடித்திருக்கிறோம்.

இப்ப அந்தத் தொந்தரவு நின்னிருச்சு. மாப்பிள்ளை பேச்சும் நின்னிருச்சு. மகள் இன்னும் எல்லாத்தையும் சொல்றதில்லையாம். பரவாயில்லை, அதுவும் சேமிப்பு மாதிரிதான் சகோதரிகளே. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேரும்.

அடுத்த கூட்டத்திற்கு வரும்போது, உங்கள் பிள்ளை தானாக வந்து சொன்ன ஒரு விஷயத்தை இங்கே பகிர்ந்துகொள்ளுங்கள்.