விளிம்பில் நிற்காமல் ஒரு படம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



தென் இங்கிலாந்துக் கிராமங்களில் படம் பிடிப்பது பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். "அங்கே எதை எடுத்தாலும் வாழ்த்து அட்டை மாதிரி வருமே, பேச என்ன இருக்கிறது?" என்று ஒரு நண்பர் கேட்டார். வாழ்த்து அட்டை மாதிரி வருவதுதான் எனக்குக் குறையாகத் தெரிகிறது.

சசெக்ஸ் கடலோரத்தில் செவன் சிஸ்டர்ஸ் என்ற குன்றுகளைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். மேலே பசும்புல், கீழே செங்குத்தாக இறங்கும் வெண்சுண்ணப் பாறை. அசையாத மதில் போலத் தோன்றும். ஆனால் அது கரைந்துகொண்டே இருக்கிறது. 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, பல்லாயிரம் ஆண்டுகளாக ஆண்டுக்கு 2 முதல் 6 சென்டிமீட்டர் பின்வாங்கிய இக்கரைப் பாறைகள், கடந்த சுமார் 150 ஆண்டுகளில் 22 முதல் 32 சென்டிமீட்டர் வேகத்தில் பின்வாங்கியுள்ளன.

அங்கே பர்லிங் கேப் என்ற சிற்றூரில் கடலோரக் காவலர்களுக்காக 19ஆம் நூற்றாண்டில் வரிசையாகக் கட்டிய வீடுகள் உள்ளன. வரிசை கடல் பக்கமிருந்து குறைந்து வருகிறது. 2014இல் புயலுக்குப் பின் ஒரு வீட்டை இடித்தார்கள். சற்றுத் தள்ளி பெல் டூட் கலங்கரை விளக்கம். 1902இல் பணி ஓய்ந்த கட்டடம். விளிம்பு நெருங்கி வந்ததால், 1999இல் கட்டடத்தை அப்படியே தூக்கி 17 மீட்டர் உட்பக்கம் நகர்த்தினார்கள்! ஆகவே நீங்கள் எடுக்கும் படம் வெறும் அழகுப் படமல்ல, ஆவணம். தேதியைக் குறித்து வையுங்கள். நின்ற இடத்தையும் குறித்து வையுங்கள். பத்து ஆண்டு கழித்து அதே இடத்திலிருந்து எடுத்த படத்தை அதன் அருகில் வைத்தால் ஒரு கதை கிடைக்கும். அந்த இடம் இருந்தால்!

ஒளி விஷயத்தில் அவர்கள் கொடுத்து வைத்தவர்கள். நம் ஊரில் நண்பகல் வெயில் ஏறக்குறைய உச்சந்தலையில் விழும். கட்டடம் தட்டையாகத் தெரியும். அங்கே டிசம்பர் நண்பகலிலும் சூரியன் தொடுவானத்திலிருந்து 16 பாகை அளவுதான் ஏறும். நாள் முழுக்கச் சாய்ந்த ஒளி. ஈஸ்ட் டீன் கிராமத்துச் சக்கிமுக்கிக் கல் வீடுகளில் ஒவ்வொரு கல்லும் தனித்துத் தெரிய இதுதான் காரணம். சுண்ணப் பாறையில் மட்டும் கவனம் வேண்டும். அத்தனை வெண்மையைக் கண்டு கேமரா ஒளியைக் குறைத்துவிடும். பாறை சாம்பல் நிறமாக விழும். ஒளி அளவை ஒரு படி கூட்டிக்கொள்ளுங்கள். கட்டடத்தை எடுக்கும்போது கேமராவை அண்ணாந்து பிடிக்காமல் பின்னால் நகருங்கள். சுவர் சாயாது.

இனி, நான் வந்ததன் முக்கியக் காரணம். 2017இல் இந்தக் குன்றுகளின் உச்சியில், படத்துக்காகத் துள்ளிக் குதித்த 23 வயது கொரிய மாணவி ஒருவர் விழுந்து இறந்தார். அலை அடிப்பாகத்தை அரித்திருக்கும். நாம் நிற்கும் புல்தரைக்குக் கீழே பாறையே இல்லாமல் இருக்கலாம். மேலிருந்து அது தெரியாது. வேலி எல்லா இடத்திலும் கிடையாது. வேலி இல்லை என்றால் ஆபத்து இல்லை என்று நாம் பழகிவிட்டோம், அதுதான் வினை.

விளிம்பில் நிற்பவருக்குக் குன்றின் முகம் தெரியவே தெரியாது என்பதையும் எண்ணிப் பாருங்கள். குக்மியர் ஆறு கடலில் சேரும் இடத்திலிருந்து, மேற்கே சற்றுத் தள்ளி நின்று, மாலை வெயிலில் எடுத்தால்தான் ஏழு குன்றும் ஒரே வரிசையில் விழும். கடற்கரைக்கு இறங்குவதானால் அலை அட்டவணையைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். பாறையின் அடிவாரத்தை ஒட்டி நடக்காதீர்கள். மேலிருந்து கல் விழும்.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம்.