மன்னிப்புக் கேட்கும் மனத்துணிவு
(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற சமயச் சொற்பொழிவு நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)



பொதுவாழ்வில் உள்ளோர் நாத்தவறிப் பிறர் மனத்தைப் புண்படுத்திவிட்டால், எவ்வாறு மன்னிப்புக் கோருதல் வேண்டும் என்பது குறித்துச் சில கருத்துகளைக் கூற விழைகின்றேன்.

"என் பேச்சு யாருடைய மனத்தையாவது புண்படுத்தியிருந்தால் வருந்துகிறேன்." நாளேடுகளில் நாம் அடிக்கடி காணும் வாசகம் இது. இதில் வரும் 'இருந்தால்' என்னும் சொல், பழியைக் கேட்டவர் மீதே சாய்த்துவிடுகிறது. சொன்னது இன்னதென்றோ, அது தவறென்றோ அதில் ஒரு சொல்லும் இல்லை.

1997ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் மூத்த அமைச்சராக இருந்த திரு லீ குவான் யூ, வழக்கொன்றில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தில், ஜோகூரைத் துப்பாக்கிச் சூடும் வழிப்பறியும் மலிந்த இடமாகக் குறிப்பிட்டிருந்தார். மலேசியாவில் கடும் சினம் எழுந்தது. மார்ச் மாதத்தில் அவர் நிபந்தனையின்றி மன்னிப்புக் கோரினார். அத்துடன் நில்லாமல், அச்சொற்களை நீதிமன்ற ஆவணத்திலிருந்து நீக்கவும் முன்வந்தார். கோப்புகளோடு காலங்கழிக்கும் அரசு ஊழியன் நான். ஏட்டில் ஏறிய சொல்லை எழுதியவரே திரும்பப் பெறுவது எத்துணை அரிது என்பதை அறிவேன்.

2017ஆம் ஆண்டில், தமிழகத்திலிருந்து வந்து சிங்கப்பூரில் பணியாற்றிய இமாம் ஒருவர், வெள்ளிக்கிழமைத் தொழுகையின்போது கிறிஸ்தவரையும் யூதரையும் புண்படுத்தும் வேண்டுதல் ஒன்றை ஓதினார். பின்னர் கிறிஸ்தவ, சீக்கிய, பௌத்த, தாவோ, இந்து சமயப் பிரதிநிதிகள் முன்னிலையில் மன்னிப்புக் கோரினார். யூதர்களின் வழிபாட்டுத் தலத்திற்கும் நேரில் சென்றார். நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 4,000 வெள்ளி அபராதத்தையும் ஏற்று நாடு திரும்பினார். மன்னிப்புக் கேட்டவர் தண்டனையையும் தாங்கினார்.

1990ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் இயற்றப்பட்ட சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் 2019ஆம் ஆண்டில் திருத்தப்பட்டது. பிற சமயத்தாரைப் புண்படுத்தியவர், மன்னிப்புக் கோருதல் போன்ற செயல்களால் உறவைச் சீர்செய்ய அத்திருத்தம் வழிவகுத்துள்ளது.

சட்டம் இன்று காட்டும் வழியை நம் சமயம் அன்றே காட்டியது. புத்தூர்த் திருமணப் பந்தலில், 'நீ எனக்கு அடிமை' என்று வந்து நின்ற முதியவரைச் சுந்தரர் பித்தன் என்று ஏசினார். வந்தவர் இறைவனே என்பதைத் திருவெண்ணெய்நல்லூரில் உணர்ந்து உருகி நின்றார். அப்போது, ஏசிய அச்சொல்லையே முதலாக வைத்துப் பாடுமாறு இறைவன் பணித்தருளினான். தவறிய சொல்லை மறைக்காமல், ஊரறிய எடுத்துச் சொல்ல வைத்தான்.

இதன் பொருள் எனக்குப் பிந்தியே விளங்கியது. சில ஆண்டுகளுக்கு முன், ஆலயக் கூட்டமொன்றில், மடப்பள்ளியில் தொண்டு செய்துவந்த மூதாட்டி ஒருவரை, அரிசிக் கணக்கில் குறைவென்று பலர் முன்னிலையில் கடிந்து பேசினேன். கணக்கைப் பிழையாகக் கூட்டியவன் நானே என்பது மறுநாள் தெரிந்தது. அர்ச்சனை செய்து இறைவனிடம் மன்னிப்பு வேண்டினேன். அம்மையாரோ கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். மூன்று மாதங்கள் கழித்தே அவர் இல்லம் சென்றேன்.

"அம்மா, சுவாமியிடம் அன்றே மன்னிப்புக் கேட்டுவிட்டேன்" என்றேன்.

"ஏசினது நாலு பேரு முன்னால. மன்னிப்பு மட்டும் தனியாவா தம்பி?" என்றார்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, நான் சொன்னதை அப்படியே சொல்லி, அது என் பிழையென்றும் கூறி, அவர்தம் மன்னிப்பைக் கோரினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மடப்பள்ளியில் அவரைக் கண்டபோதுதான் என் நெஞ்சின் பாரம் குறைந்தது.

பூசையின் நிறைவில், செய்த குறைகளைப் பொறுத்தருள வேண்டுகிறோம். இறைவன் பொறுத்தருள்வான். ஆனால், மனிதருக்கு இழைத்த குறையை அம்மனிதரிடமே சென்று கேட்டல் வேண்டும். இத்திருவிழாவிற்கு வந்துள்ள நம்முள் எவரேனும் ஒருவரோடு பேசாதிருப்பின், கொடியிறங்கும் முன் அவரைத் தேடிச் செல்வோமாக.