படிநிலையில் தொடங்கும் ஊதியக் குறைவு



நிறுவனங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள ஊதிய வேறுபாட்டை ஆராய்வோர் பெரும்பாலும் கல்வி, அனுபவம், மகப்பேறு ஆகியவற்றிலிருந்தே தொடங்குகின்றனர். அவை பொருட்படுத்தத்தக்க காரணங்களே எனினும், எந்த வேலைக்கு எவ்வளவு திறன் வேண்டும் என்று நிர்வாகம் அளந்து, அதற்கேற்ப அவ்வேலையைச் சம்பளப் படிநிலை ஒன்றில் வைக்கும் ‘பணி மதிப்பீடு’ என்னும் ஏற்பாடு அத்தகைய விவாதங்களில் உரிய கவனத்தைப் பெறுவதில்லை. பெண்களின் உழைப்பு மலிவாக்கப்படுவதோ பல இடங்களில் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

கிழக்கு லண்டனின் டாகன்ஹாமில் இருந்த ஃபோர்டு கார் தொழிற்சாலையில் இது வெட்டவெளிச்சமானது. அங்கு 1967-இல் வகுக்கப்பட்ட புதிய படிநிலைகளில், இருக்கைகளுக்கு உறை தைத்த பெண்களின் வேலை, திறன் குறைந்ததெனக் கருதப்பட்ட ‘பி’ நிலையில் வைக்கப்பட்டது. வேலையில் சேர்வதற்கே தையல் தேர்வில் தேற வேண்டியிருந்த அப்பெண்கள், தங்களுக்கு உரியது ‘சி’ நிலையே என்று வாதிட்டனர். அந்த ‘பி’ நிலையிலும் ஆண்கள் பெற்ற கூலியில் 85 விழுக்காடே பெண்களுக்குத் தரப்பட்டதால், செய்யும் தொழிலின் பெயரால் ஒருமுறையும் பெண் என்பதன் பெயரால் மறுமுறையுமாக அவர்களுடைய உழைப்பின் விலை குறைக்கப்பட்டது. 1968 ஜூன் 7 அன்று 187 பெண்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர்; உறைகள் தீர்ந்ததும் கார் உற்பத்தியே நின்றுபோனது.

மூன்று வாரங்களுக்குப் பின், வேலைவாய்ப்பு அமைச்சராக இருந்த பார்பரா காசில் தலையிட்டதால், ஆண்களின் ‘பி’ நிலைக் கூலியில் 92 விழுக்காடு உடனடியாகவும் முழுக்கூலி அடுத்த ஆண்டிலும் தருவதென உடன்பாடு ஏற்பட்டது. பிரிட்டனின் 1970-ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டத்துக்கு அந்தப் போராட்டமே தூண்டுகோல் என வரலாறு போற்றுவது முறையே. ஆயினும் பெண்கள் முதன்மையாக எழுப்பிய படிநிலைக் கோரிக்கை அந்த உடன்பாட்டில் தீர்க்கப்படவில்லை என்பதையும் அதே வரலாறு உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். இன்னொரு வேலைநிறுத்தம் நடத்திய பின்னர், 1984-இல்தான் ‘சி’ நிலை அவர்களுக்குக் கிடைத்தது. 1970-ஆம் ஆண்டுச் சட்டமும் ஒரே வகையான வேலைக்கோ, நிர்வாகமே சமமென மதிப்பிட்ட வேலைக்கோ மட்டும் சம ஊதியம் கோர இடமளித்தது. வேலைகள் வேறாயினும் அவற்றின் மதிப்பு சமமெனில் ஊதியமும் சமமாக வேண்டும் என்று வழக்காடும் உரிமை, ஐரோப்பிய நீதிமன்றத்தின் 1982-ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பின்னரே பிரிட்டனில் சேர்க்கப்பட்டது.

இந்தியாவிலும் வேலையின் பெயரை மாற்றி ஊதியத்தைக் குறைக்கும் முயற்சி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1987-இல் தீர்ப்பான மெக்கின்னன் மெக்கன்சி வழக்கில், உயர் அதிகாரிகளின் கீழ் பணிபுரிந்த பெண் சுருக்கெழுத்தர்கள் தனிப்பிரிவினர் என்றும், அப்பிரிவில் ஆண்களே இல்லாததால் பாகுபாட்டுக்கு இடமில்லை என்றும் நிறுவனம் வாதிட்டது; ஆண்களை அப்பிரிவில் அமர்த்தாததும் அந்த நிறுவனமே. நீதிமன்றம் அவ்வாதத்தை மறுத்ததோடு, கொடுக்கும் வசதி இல்லை என்ற காரணமும் 1976-ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டத்தின் முன் செல்லாது எனத் தெளிவாக்கியது.

பொருளியலாளர்களான டேவிட் கார்டு, அனா ருட்டே கார்டோசோ, பேட்ரிக் கிளைன் ஆகிய மூவரும் போர்ச்சுகலின் தரவுகளைக் கொண்டு 2016-இல் வெளியிட்ட ஆய்வு ஊதிய வேறுபாட்டின் மற்றொரு முகத்தைக் காட்டுகிறது. தொழிலாளியின் தனித்திறனால் அன்றி, நிறுவனம் வளமானது என்பதனால் அங்குள்ளோருக்குக் கிடைக்கும் கூடுதல் ஊதியத்தை ‘நிறுவன மிகையூதியம்’ எனலாம். அந்த மிகையூதியத்தில் ஆண்கள் பெறுவதில் ஏறத்தாழ 90 விழுக்காட்டையே பெண்கள் பெறுகின்றனர் என்றும், மிகையூதியம் அதிகமுள்ள நிறுவனங்களில் பெண்கள் குறைவாகவே அமர்த்தப்படுகின்றனர் என்றும் அவர்கள் கண்டனர். தனித்திறனை எவ்வளவு வளர்த்தாலும் இந்தப் பங்கு தானாக உயராது. பேரத்தின் வலிமையே அதைத் தீர்மானிக்கிறது.

ஆகவே தொழிற்சங்கங்களின் ஊதியப் பேச்சுவார்த்தை, எத்தனை விழுக்காடு உயர்வு என்ற கேள்வியோடு நின்றுவிடக் கூடாது. எந்த வேலை எந்தக் காரணத்தால் எந்தப் படிநிலையில் வைக்கப்பட்டது, அதை மதிப்பிட்டவர்கள் யார், அவர்களுள் அந்த வேலையைச் செய்யும் பெண்கள் எத்தனை பேர் என்பவற்றுக்கு நிர்வாகம் எழுத்தில் விடை தரவேண்டும் என்பதே பேச்சுவார்த்தையின் முதல் கோரிக்கையாக வேண்டும்.