முதல் லாரியும் இன்ஷூரன்ஸ் கணக்கும்

(பஞ்சாயத்து அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கிராம முன்னேற்றம் என்றால் கிணறு, விதை, உரம், சாலை ஆகியவற்றைப் பற்றிப் பேசுவது வழக்கம். இன்று நாம் லாரியைப் பற்றியும், அதற்குச் செலுத்த வேண்டிய இன்ஷூரன்ஸ் கட்டணத்தைப் பற்றியும் பேச விரும்புகிறோம். கொங்கு நாட்டில் இது விவசாயத்துக்குப் புறம்பான பேச்சு அன்று. மழை பொய்த்துத் தோட்டத்துக் கிணறு வற்றிய காலங்களில், நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பகுதிக் குடியானவர் பலர் லாரித் தொழிலில் இறங்கினர். நாமக்கல் முட்டையும், ஈரோட்டு மஞ்சளும், பொள்ளாச்சித் தேங்காயும், கோவை பம்பு செட்டும் லாரி ஏறியே வெளியூர்ச் சந்தைக்குச் செல்கின்றன. இன்றும் காட்டை அடமானம் வைத்து மகனுக்கு ஒரு லாரி வாங்கித் தரும் தகப்பனார் நம்மிடையே இருக்கின்றனர்.

முதன்முதலாக லாரி வாங்குவோர் முன்பணம், மாதத் தவணை, டீசல், டயர், டிரைவர் சம்பளம் அனைத்தையும் கணக்கிடுகின்றனர். இன்ஷூரன்ஸை மட்டும், லாரி விற்பவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகின்றனர். அக்கட்டணம் எவ்வளவு, அது எதற்காக, எந்தத் தவறு செய்தால் அது பயனற்றுப் போகும் என்பவற்றை முன்பணம் கொடுப்பதற்கு முன்னரே அறிந்துகொள்ள வேண்டும் என்பதே இன்று நாம் சொல்ல வந்தது.

லாரி இன்ஷூரன்ஸில் இரண்டு பகுதிகள் உண்டு. முதலாவது, நம் லாரியால் பிறருக்கு நேரும் உயிர்ச்சேதத்துக்கும் பொருட்சேதத்துக்கும் ஈடு செய்வது. இதனை மூன்றாம் தரப்பு இன்ஷூரன்ஸ் என்பர். இது நம் நாட்டில் 1946 ஜூலை 1 முதல் கட்டாயமாக இருந்து வருகிறது. இப்போதுள்ள 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் அதனையே வற்புறுத்துகிறது. இரண்டாவது, நம் லாரிக்கே ஏற்படும் சேதத்துக்கானது. சட்டம் இதனைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் கடன் கொடுக்கும் பைனான்ஸ் நிறுவனம் விடாது.

முதற்பகுதிக்கான கட்டணத்தை மத்திய அரசு நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, சுமையுடன் சேர்த்து மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வாகனத்துக்கு ஆண்டுக்கு 16,049 ரூபாய். 12,000 கிலோ வரை 27,186 ரூபாய். 20,000 கிலோ வரை 35,313 ரூபாய். 40,000 கிலோ வரை 43,950 ரூபாய். அதற்கும் மேற்பட்டால் 44,242 ரூபாய். அரசு இவ்வீதத்தைத் திருத்தக்கூடும். ஆதலால் லாரி வாங்கும் நாளில் மீண்டும் கேட்டறிவது நலம். சரக்கு வாகனத்தின் இப்பகுதிக்கு 12 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது.

மொத்த எடை 28 டன் உள்ள பத்துச் சக்கர லாரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 43,950 ரூபாயுடன் வரியைச் சேர்த்தால் சுமார் 46,148 ரூபாய் ஆகிறது. நாளொன்றுக்கு 126 ரூபாய். லோடு கிடைத்து லாரி ஓடினாலும், கிடைக்காமல் செட்டில் நின்றாலும் இச்செலவு உண்டு. ஆண்டு முடிவில் ஒரே தடவையில் தேட முயன்றால் கடன்தான் வாங்க நேரும். மாதந்தோறும் 3,850 ரூபாயைத் தனியே எடுத்து வைத்தால் அந்நிலை வராது.

இதில் ஒரு நன்மையும் உண்டு. அமெரிக்காவில் ஒற்றை லாரியுடன் புதிதாகத் தொழில் தொடங்குபவரிடம், விபத்தின்றி ஓட்டிய முன் கணக்கு இல்லை என்பதற்காகவே கம்பெனிகள் மிகுந்த கட்டணம் கேட்கின்றன. நம் நாட்டில் மூன்றாம் தரப்புப் பகுதிக்கு எடைதான் அளவு. நூறு லாரி உடையவருக்கும் ஒற்றை லாரிக்காரருக்கும் வீதம் ஒன்றே.

புதியவருக்குச் செலவு மிகுவது இரண்டாம் பகுதியில்தான். இதனைக் கம்பெனிகளே நிர்ணயிப்பதால் கட்டணம் இடத்துக்கு இடம் மாறும். இரண்டு மூன்று கம்பெனிகளில் கேட்டுப் பார்க்க வேண்டும். ஓராண்டு முழுவதும் இழப்பீடு கேட்காத உரிமையாளருக்கு மறு ஆண்டு இப்பகுதியில் 20 சதவீதத் தள்ளுபடி கிடைக்கிறது. அது படிப்படியாக உயர்ந்து ஐந்தாண்டில் 50 சதவீதமாகிறது. புதியவர் இச்சலுகை இன்றியே தொடங்க வேண்டும். ஆகவே சிறு சேதம் ஏற்பட்டால், பெறப்போகும் தொகை பெரிதா, இழக்கப்போகும் தள்ளுபடி பெரிதா என்று பார்த்த பிறகே விண்ணப்பிக்க வேண்டும். பாலிசி முடிந்து 90 நாட்களுக்குள் புதுப்பிக்கத் தவறினாலும் தள்ளுபடி போய்விடும்.

பழைய லாரி வாங்குவோர் கவனிக்க வேண்டியது இன்னொன்று. விற்றவர் சேர்த்து வைத்த தள்ளுபடி அவரைச் சேர்ந்தது, லாரியுடன் வாராது. லாரி கைமாறிய 14 நாட்களுக்குள் இன்ஷூரன்ஸையும் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாம் தரப்புப் பாதுகாப்பு லாரியுடன் தொடர்ந்தாலும், லாரியின் சேதத்துக்கான பாதுகாப்பு தானாக மாறுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்துள்ளது. ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாறிவிட்டது என்று இருந்துவிடலாகாது.

கட்டணத்தைக் குறைக்க லாரியின் மதிப்பைக் குறைத்துக் காட்டுவோரும் உளர். லாரி முழுதும் அழிந்தால் அக்குறைந்த மதிப்பே கைக்கு வரும். பைனான்ஸ் கடனோ குறையாமல் நிற்கும்.

அன்பர்களே! பணம் கட்டிய பாலிசியும் கைவிடும் சந்தர்ப்பங்கள் உண்டு. ஓட்டியவரிடம் கனரக வாகன லைசென்ஸ் இல்லாமை, பர்மிட் இல்லாமை போன்ற குற்றங்களில், பாதிக்கப்பட்டவருக்குக் கம்பெனி கொடுத்த தொகையைப் பின்னர் உரிமையாளரிடமே வசூலித்துக்கொள்ள நீதிமன்றங்கள் அனுமதிக்கின்றன. எப்.சி. என்னும் தகுதிச் சான்றைப் புது லாரிக்கு எட்டாண்டு வரை இரண்டாண்டுக்கு ஒரு முறையும், பிறகு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் லாரியில் ஆட்களை ஏற்றிச் செல்லும் வழக்கம் அனைத்திலும் கொடியது. சரக்கு வாகனத்தில் இவ்வாறு செல்பவருக்கு நேரும் தீங்குக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பன்று என்பதை உச்ச நீதிமன்றம் 2002இல் தெளிவாக்கியது. சரக்கின் சொந்தக்காரருக்கும் அவர் அனுப்பிய ஆளுக்கும் மட்டுமே சட்டம் இடந்தருகிறது. உறவினர் கேட்டார் என்று ஏற்றிச் சென்று விபத்து நேர்ந்தால், இழந்த உயிர்களுக்கு ஈடாக உரிமையாளரே பணம் கொடுக்க வேண்டும். தீர்ப்பாயம் விதித்த தொகையைக் கலெக்டர் மூலம் நிலவரி பாக்கியைப் போலவே வசூலிக்கச் சட்டத்தில் இடமுண்டு. லாரிக்காகக் காட்டை அடமானம் வைத்தவர் காட்டையே இழக்கவும் நேரலாம்.

சொந்த லாரியைத் தாமே ஓட்டுபவர் தமக்கான விபத்துப் பாதுகாப்பையும் மறக்கலாகாது. 2018ஆம் ஆண்டு முதல் அது 15 லட்சம் ரூபாயாக உள்ளது. உரிய லைசென்ஸ் இருந்தால்தான் அதுவும் பயன் தரும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இதில் செய்யக்கூடியது மிகுதி. ஊரில் லாரி வாங்க முனையும் இளைஞரை அழைத்து, வரவு செலவுக் கணக்கில் இன்ஷூரன்ஸ் கட்டணம் எழுதப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். இன்ஷூரன்ஸ், எப்.சி., பர்மிட், லைசென்ஸ் ஆகிய நான்கும் முடியும் தேதிகளை வீட்டு நாட்காட்டியில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். கோயில் நோன்பு வரும்போது, ஆட்களை ஏற்ற லாரி கேட்பதில்லை என்று ஊர்க் கூட்டத்தில் முடிவு செய்யுங்கள். பஸ் ஏற்பாடு செய்யுங்கள். மறுக்க முடியாமல் தவிக்கும் லாரிக்காரருக்கு ஊரே துணை நின்றதாகும்.

விதைப்பதற்கு முன் வேலி போடுவது நம் வழக்கம். லாரி வாங்கும் குடும்பத்துக்கு இன்ஷூரன்ஸே அவ்வேலி. அதற்கான செலவை முதலிலேயே கணக்கில் எழுதி, அது பழுதுபடாமல் ஆண்டு முழுவதும் காத்து வருவோமாக.