சிறையிலிருந்து வந்த சிரிப்பு



உங்களைப் போன்ற ஒரு மாணவர். 23 வயது இன்னும் நிரம்பவில்லை. 1833ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் பெர்லின் நகரில் அவரைக் காவலர் கைது செய்தனர். அவர் கொலை செய்தவரல்லர், கொள்ளையடித்தவருமல்லர். யேனா பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்றபொழுது, சிதறிக் கிடந்த ஜெர்மானிய அரசுகள் ஒன்றுபட வேண்டும், மக்கள் உரிமை பெற வேண்டும் என்று பேசிய மாணவர் சங்கம் ஒன்றில் சேர்ந்திருந்தார். அதுவே அவர் செய்த குற்றம். 1836இல் பிரஷ்ய நாட்டு நீதிமன்றம் அதனை இராஜத் துரோகம் என்று கூறி அவருக்கு மரண தண்டனை விதித்தது. பின்னர் அத்தண்டனை 30 ஆண்டுச் சிறைவாசமாகக் குறைக்கப்பட்டது. அந்த இளைஞரே, பிற்காலத்தில் வட ஜெர்மனியைச் சிரிக்க வைத்த நாவலாசிரியர் பிரிட்ஸ் ராய்ட்டர்.

ராய்ட்டர் 1810ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் மெக்லன்பர்க் நாட்டில் ஸ்டாவன்ஹாகன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் அவ்வூரின் நகரத் தலைவர். மகன் சட்டம் கற்றுப் பெரும் பதவி வகிக்க வேண்டும் என்பது தந்தையின் கனவு. மகனோ கோட்டைக்குக் கோட்டை மாற்றப்படும் கைதியானார். 1840இல் பிரஷ்யாவில் புதிய மன்னர் அரியணை ஏறியபோது பொது மன்னிப்பு வழங்கப்பட்டது. ராய்ட்டரும் விடுதலை பெற்றார். அதற்குள் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் கழிந்துவிட்டன. கல்வி முற்றுப்பெறவில்லை, தொழில் ஒன்றும் இல்லை. குடிப்பழக்கம் வேறு அவரைப் பற்றிக்கொண்டது. அதனோடு அவர் வாழ்நாள் முழுதும் போராட வேண்டியதாயிற்று.

பட்டம் பெறாத அவர் பண்ணைகளில் வேளாண்மை பழகினார். உழவரோடும் பண்ணைக் கணக்கரோடும் உண்டு, உறங்கி, அவர்கள் பேச்சைக் கேட்டுப் பல ஆண்டுகள் வாழ்ந்தார். வீணாய்ப் போன காலம் என்று பிறர் கருதிய அவ்வாண்டுகளே அவருக்கு உண்மையான பல்கலைக்கழகமாக அமைந்தன.

அந்நாளைய மெக்லன்பர்க்கின் நிலையை நாம் அறிந்துகொள்ள வேண்டும். அங்கே பண்ணையடிமை முறை 1820இல் சட்டப்படி ஒழிந்தது. ஆனால் ஒருவன் ஓர் ஊரில் குடியிருக்க வேண்டுமானால் நிலக்கிழாரின் இசைவு வேண்டும். குடியிருக்க இடமில்லாதவன் மணம் செய்துகொள்ள இயலாது. அடிமைத்தளை அறுந்தது, அதனோடு காலடி மண்ணும் பறிபோயிற்று. எண்ணற்ற ஏழைகள் அமெரிக்காவுக்குக் கப்பலேறினர்.

இக்கொடுமையைக் குறித்து ராய்ட்டர் முதலில் எழுத முயன்றது, கற்றோர் வழங்கும் உயர் ஜெர்மன் மொழியில். நிலக்கிழார்களைச் சாடிய அந்த நாவல் கசப்பு நிறைந்ததாய், முடிவுறாமலே நின்றுவிட்டது. பிறகுதான் அவர் தம் தாய் பேசிய மொழியை நாடினார். பிளாட் டாய்ச் எனப்படும் அம்மொழி, ஒரு காலத்தில் வடகடல் துறைமுகங்களின் வாணிக மொழியாய் விளங்கியது. பின்னர் கோயிலும் நீதிமன்றமும் பள்ளியும் உயர் ஜெர்மனுக்கு மாறின. பழைய மொழி வீட்டிலும் வயலிலும் மட்டும் எஞ்சியது. அதில் இலக்கியம் படைக்கலாம் என்று கற்றோர் பலர் எண்ணியதே இல்லை.

1851இல் ராய்ட்டர் லூயிசா என்னும் மங்கையை மணந்தார். டிரெப்டோ என்னும் ஊரில் பிள்ளைகளுக்குத் தனிப்பாடம் சொல்லிக் கொடுத்துச் சொற்ப வருவாயில் இல்லறம் நடத்தினார். 1853இல் கடன் வாங்கித் தம் வேடிக்கைக் கதைப் பாடல்களைத் தாமே பதிப்பித்தார். நூல் விரைவில் விற்றுத் தீர்ந்தது. அம்மொழியிலேயே பாடிப் புகழ் பெற்றிருந்த கிளாவுஸ் குரோத் என்னும் கவிஞர், இவை நயமற்றவை, நாட்டுப்புறத்தாரை இழிவுபடுத்துபவை என்று 1858இல் கடிந்துரைத்தார். ராய்ட்டர் அவ்வாண்டே மறுப்பு எழுதினார்.

குரோத்தின் குற்றச்சாட்டை எளிதில் தள்ளிவிட இயலாது. ஏழையின் பேச்சைக் கேட்டு நகைப்பது ஏழையை நகைப்பதாக முடியலாமன்றோ? இதற்குத் தக்க விடை ராய்ட்டரின் மறுப்புரையில் இல்லை. அவருடைய நூல்களிலேயே இருக்கிறது. 1857இல் வெளிவந்த ‘தங்க இடமில்லை’ என்னும் பொருள்படும் கதைக் காவியத்தில் நகைச்சுவைக்கு இடமே இல்லை. யோகான் என்னும் பண்ணையாள் தான் காதலித்த பெண்ணை மணக்க விரும்புகிறான். நிலக்கிழார் குடியிருக்க இடம் மறுக்கிறார். பூசல் முற்றி யோகான் அவரைக் கொன்று, அமெரிக்காவுக்கு ஓடுகிறான். அவளோ அறிவு கலங்கி மாண்டு போகிறாள். பின்னாளில் அவன் திரும்பி வருவது, தன் மகனையேனும் சுதந்திர நாட்டுக்கு அழைத்துச் செல்லவே.

இத்தகைய சினம் உள்ளத்தில் இருந்ததனால்தான் அவருடைய சிரிப்பும் மதிப்புப் பெறுகிறது. 1862 முதல் 1864 வரை மூன்று பகுதிகளாக வெளிவந்த ‘என் பண்ணைக் காலம்’ என்னும் நாவலின் தொடக்கத்திலேயே, ஹாவர்மன் என்னும் நேர்மையான குத்தகையாளர் மனைவியை இழந்து நிற்கிறார். வீட்டுப் பொருள்கள் ஏலத்தில் போகின்றன. அவருக்குத் துணையாக வருபவர் பிரேசிக் என்னும் பண்ணை மேற்பார்வையாளர். அவர் குள்ள உருவினர். தாம் கற்ற அரைகுறை உயர்மொழிச் சொற்களைத் தாறுமாறாகக் கலந்து பேசுவார். 1848ஆம் ஆண்டுப் புரட்சிக் காலக் கூட்டத்தில் வறுமையின் காரணத்தை விளக்க எழுந்து, வறுமை என்றே பொருள்படும் வேற்று மொழிச் சொல்லைக் காரணமாகக் கூறி அமர்கிறார்! நாம் சிரிக்கிறோம். ஆனால் துன்பம் வந்தபோது நண்பனைக் கைவிடாதவரும் அவரே. பேச்சில் பிழையுண்டு, நெஞ்சில் பிழையில்லை.

தம் சிறைவாழ்வைப் பற்றியும் ராய்ட்டர் 1862இல் ஒரு நூல் வெளியிட்டார். உடனிருந்த கைதிகள் பட்டப்பெயர்களோடு அதில் உலவுகின்றனர். இளமையைப் பறித்த கொடுமையை அவர் மறைக்கவில்லை; எனினும் பழிவாங்கும் எண்ணம் எழுதுகோலைப் பிடிக்க விடவுமில்லை.

1863இல் ரோஸ்டாக் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. அவர் முதன்முதல் சட்டம் பயிலச் சேர்ந்த பல்கலைக்கழகமும் அதுவே. அவ்வாண்டே ஐஸனாக் நகரில் குடியேறி, 1874ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள் அங்கேயே காலமானார். அவர் பிறந்த ஊர் 1949 முதல் ‘ராய்ட்டர் நகர்’ என்னும் அடைமொழியைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டது.

அவர் எழுதிய மொழியைப் பேசுவோர் தொகை இன்று வெகுவாகக் குறைந்துவிட்டது. மொழிபெயர்ப்பில் பிரேசிக்கின் பேச்சுச் சுவை பெரிதும் மறைந்துவிடுகிறது. தம் ஊர்ப் பேச்சில் எழுதும் ஆசிரியர் செலுத்த வேண்டிய விலை அது. ராய்ட்டர் அவ்விலையைச் செலுத்தினார். அதற்கு ஈடாக, புத்தகத்தில் இடம்பெறுவோம் என்று கனவிலும் எண்ணாத உழவரும் ஆயரும் தம் குரலையே அச்சில் கண்டனர். குடியிருக்க இடம் மறுக்கப்பட்ட அம்மக்களுக்கு, தம் நூல்களிலேனும் ஓர் இடம் தந்தார் அவர்.