திரியும் காற்றும்

தோவாளைக்காரர்களுக்குக் காற்றைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடி மாதம் பாயும் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. ஆனாலும் வீட்டில் மெழுகுதிரி புகைந்தால் நாம் மெழுகைத்தான் குறை சொல்கிறோம். பெரும்பாலும் குற்றவாளிகள் காற்றும் நீண்ட திரியும்தான் என்பது என் கட்சி. மைக்கேல் ஃபாரடே 1860-61 குளிர்காலத்தில் லண்டனில் சிறுவர்களுக்கு மெழுகுதிரியை வைத்தே ஆறு உரைகள் நிகழ்த்தினார். சுடரின் மஞ்சள் வெளிச்சம் அதற்குள் கனலும் கரித்துகள்களிலிருந்து வருகிறது என்று அவற்றில் விளக்கினார். சுடர் ஆடாமல் நின்றால் அந்தத் துகள்கள் விளிம்பைத் தாண்டுமுன் எரிந்து தீரும். காற்று அலைக்கழித்தால் சூடு தணிந்து, எரியாமலே வெளியேறிச் சுவரில் படியும். திரி நீண்டுவிட்டாலும் அளவுக்கு மிஞ்சி மெழுகை உறிஞ்சிப் புகை கக்கும். ஏற்றுமுன், ஆறிய திரியை அரை சென்டிமீட்டருக்குக் கத்தரித்தாலே பாதிப் புகை நிற்கும்.

தேன்மெழுகும் சோயா மெழுகும் புகையாதே என்பார்கள். திரி நீண்டு, காற்றும் அடித்தால் அவையும் புகையும், விலைதான் கூடுதல். அப்படியானால் சன்னலைச் சாத்திவிடலாமா? கூடாது, அறைக்குக் காற்று வேண்டும். திரியைக் காற்றின் பாதையிலிருந்து விலக்கி வைத்தால் போதும். எல்.இ.டி. விளக்கு இருக்க இது எதற்கு என்று கேட்டால், வெளிச்சத்துக்கு அதுதான் நல்லது. 2017 ஒக்கிப் புயலில் கரண்டு போனதுபோல் குமரி மாவட்டமே இருளும் நாளிலும், பிளாஸ்டிக் ஸ்டூலில் மெழுகுதிரியை ஒட்டி வைப்பதைவிட டார்ச் மேல். ஆனால் 1752-ல் மறைசாட்சி தேவசகாயம் உயிர்நீத்த காற்றாடிமலையில் நேர்ச்சைக்கு ஏற்றுகிறவரிடம் பேட்டரி விளக்கைக் காட்டி வாதாட முடியுமா? அவர் வீட்டில் ஏற்றும்போது, மணல் பரப்பிய எவர்சில்வர் தட்டில் நிறுத்தட்டும்.

பூச்சந்தை பக்கத்திலேயே இருப்பதால் இங்கே படங்களுக்கு மாலை தாராளம். வாடிக் காய்ந்த மாலைக்கு நேர் கீழே மெழுகுதிரி எரிவது பெரும் ஆபத்து. சூடு பக்கவாட்டில் போவதைவிட மேல்நோக்கியே அதிகம் ஏறும். படுக்கப் போகுமுன் அணைக்கும்போதும் ஊத வேண்டாம். ஊதியதும் எழும் வெண்புகை எரியாத மெழுகின் ஆவி. ஒரு கம்பியால் திரியை உருகிய மெழுகில் அமிழ்த்தி நிமிர்த்திவிட்டால் புகை அடங்கும், மறுநாள் தீக்குச்சி பட்டதும் சட்டென்று பற்றும்.