குற்றம் சாட்டப்படாதவர்

குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சட்டம் ஒரு மன்றத்தை அளிக்கிறது. அங்கே சான்றுகள் அவர் முன்னிலையில் வைக்கப்படுகின்றன, சாட்சிகளை அவர் தரப்பு குறுக்கு விசாரணை செய்கிறது, முடிவில் தண்டனையோ விடுதலையோ கிடைக்கிறது. ஐயத்திற்கு மட்டும் ஆளாகி, குற்றம் சாட்டப்படாமலே விடப்பட்டவருக்கு அந்த மன்றம் கிடைப்பதில்லை என்பதற்கு அமெரிக்கப் பெண்மணி பேட்சி ராம்சியின் வாழ்க்கை கொடிய சான்றாகும்.

1956-இல் பிறந்து, 1977-இல் மேற்கு வர்ஜீனியாவின் மாநில அழகியாகத் தேர்வுபெற்று, இதழியல் பயின்ற அவர், ஜான் ராம்சி என்ற தொழிலதிபரை மணந்து, பின்னர் கொலராடோவின் போல்டர் நகரில் குடியேறினார். 1993-இல் அவருக்குச் சினைப்பைப் புற்றுநோய் முற்றிய நிலையில் கண்டறியப்பட்டது. கடும் சிகிச்சையால் தேறினார். 1996 டிசம்பர் 26 விடியுமுன், ஆறு வயது மகள் ஜான்பெனேயைக் காணவில்லை என்றும், அவளை விடுவிக்க 1,18,000 டாலர் கேட்கும் கடிதம் வீட்டில் கிடந்தது என்றும் காவல்துறைக்குத் தெரிவித்தவர் அவரே. தலையில் அடிபட்டு, கழுத்து நெரிக்கப்பட்டு இறந்திருந்த குழந்தையின் உடலை அன்று பிற்பகல் அதே வீட்டின் நிலவறையில் தந்தை கண்டார். அதுவரை நண்பர்கள் வீட்டுக்குள் நடமாட விடப்பட்டார்கள். தடயங்களைக் காக்க வேண்டிய அந்த மணிநேரங்களை இழந்ததன் விலையை வழக்கு இன்றளவும் செலுத்திவருகிறது.

கடிதம் அவ்வீட்டுக் குறிப்பேட்டின் தாளிலேயே எழுதப்பட்டிருந்தமையால் ஐயம் பெற்றோர் மீது திரும்பியது. பேட்சி பலமுறை கையெழுத்து மாதிரிகள் கொடுத்தும், அவர் எழுதியதாக உறுதிசெய்யவோ எழுதவில்லை என்று விலக்கவோ வல்லுநர்களால் இயலவில்லை. இதற்கிடையே, குழந்தை அழகுப் போட்டிகளில் ஒப்பனையுடன் தோன்றிய காட்சிகளைத் தொலைக்காட்சிகள் ஓயாது காட்ட, மகளை மேடையேற்றிய தாயின் விருப்பமே அவருக்கு எதிரான சான்றுபோல் ஊராரால் எடைபோடப்பட்டது. அதைச் சான்று என்று கருதுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

1999-இல் பெருநடுவர் குழு இவ்வழக்கை ஆராய்ந்து முடித்தது. அரசுத் தரப்புச் சான்றுகளை மறைவாகக் கேட்டு, குற்றச்சாட்டுக்குப் போதிய முகாந்திரம் உண்டா என்று மட்டும் முடிவுசெய்யும் குடிமக்கள் குழுவே அது. குற்றம் சாட்ட அக்குழு வாக்களித்திருந்தும், ஐயத்திற்கிடமின்றி மெய்ப்பிக்க இயலாது என்று கருதிய மாவட்ட அரசு வழக்கறிஞர் அலெக்ஸ் ஹன்டர் அதில் கையொப்பமிடவில்லை. போதிய சான்று இல்லை என்று மட்டும் அறிவித்தார்.

புற்றுநோய் திரும்பி, 2006 ஜூனில் தம் நாற்பத்தொன்பதாம் வயதில் பேட்சி இறந்தார். 2008-இல், தொட்ட இடத்தில் ஒட்டும் நுண்ணிய தோல் உயிரணுக்களிலிருந்து மரபணுவைப் பிரிக்கும் முறையால் குழந்தையின் உடையில் குடும்பத்தினர் அல்லாத ஓர் ஆணின் மரபணு கண்டறியப்பட்டதாகக் கூறிய அடுத்த வழக்கறிஞர் மேரி லேசி, குடும்பத்தாரிடம் கடிதம் மூலம் மன்னிப்புக் கேட்டார். அக்கடிதம் தீர்ப்பு அன்று. பின்வருவோரைக் கட்டுப்படுத்தும் வலிமையும் அதற்கு இல்லை.

பெருநடுவர் குழுவின் வாக்கு ஆவணங்கள் 2013-இல்தான் வெளியாயின. பெற்றோர் இருவரும் குழந்தையை ஆபத்தான சூழலுக்கு ஆளாக விட்டனர் என்றும், குற்றம் புரிந்த ஒருவருக்கு உதவினர் என்றும் கூறிய அவை, கொன்றவர் யார் என்று கூறவில்லை. பதினான்கு ஆண்டுகள் மறைவில் இருந்த அந்தக் குற்றச்சாட்டு வெளிவந்தபோது, அதற்கு மறுமொழி கூற வேண்டியவர் இறந்து ஏழு ஆண்டுகள் கடந்திருந்தன.